"போன மாசம் வீட்டில் யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்ட மருத்துவமனை

இந்தக் குழந்தைகள் மருத்துவமனையைப் பற்றி நான் 2021-லேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது உடம்பிலும் மனசிலும் தெம்பில்லை, கழுத்து வரைக்கும் கடன் வேறு. போன மாதம் என் நாத்தனார் மகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே படி ஏறினோம். அதே டாக்டரம்மா, அதே கேள்வி. இனியும் எழுதாமல் இருந்தால் தப்பு என்று உட்கார்ந்துவிட்டேன். நீளமாகத்தான் வரும், குழந்தை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

எங்களுக்கு வாடிப்பட்டி. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம், மனு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் வீட்டுக்காரருக்குக் கொரோனா வந்து மாடி அறையில் தனியாக இருந்தார். பையனுக்கு அப்போது எட்டு வயது. அவனுக்கு ஒரே ஒரு நாள் மூக்கு ஒழுகியது, லேசாக உடம்பு சுட்டது, பாராசிட்டமால் கொடுத்தேன், மறுநாள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை. வீட்டுக்காரரும் தேறிவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு கடையைத் திறந்தோம்.

ஜூன் கடைசியில் பையனுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. முதல் நாள் 102, அடுத்த நாள் 103, கூடவே வயிற்றுவலி, வாந்தி. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், டைபாய்டாக இருக்கும் என்று ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு, கண் இரண்டும் சிவப்பு, நெஞ்சில் பொரிப்பொரியாகத் தடிப்பு. அவன் அப்பத்தா பார்த்துவிட்டு "ஆத்தா வந்திருக்கா, இனி மருந்து மாத்திரை ஆகாது" என்று வேப்பிலை பறித்து வந்து கட்டிலில் போட்டார், கோயில் தீர்த்தம் தெளித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் பார்த்து வளர்ந்த அம்மை அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அதில் ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. நான்காம் நாள் வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு குடல்வால் பக்கம் வீங்கியிருக்கிறது, ஆபரேஷனுக்குப் பணம் ஏற்பாடு பண்ணுங்கள் என்றார்கள். வீட்டில் யாருக்குக் கொரோனா வந்தது என்று அதுவரை யாருமே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மே மாதத்துக் கதை, இது ஜூன் மாதத்துக் காய்ச்சல், இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு எப்படித் தோன்றும்?

எங்கள் தெருவில் ஒரு அக்கா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பணம் கேட்டு அவர் வீட்டு வாசலில் நின்றபோது பையன் என் தோளில் கிடந்தான். அவர் சும்மா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு அடுப்பாகக் கொதிக்கிறது, பாதம் மட்டும் ஜில்லென்று இருக்கிறது. "காலையிலிருந்து ஒண்ணுக்குப் போனானா?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. இந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லி உடனே கிளம்பு என்று விரட்டியவர் அவர்தான். சமயநல்லூர், பரவை தாண்டி, மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கும் இந்த இடத்துக்கு வந்து சேர மாலை ஆறரை ஆகிவிட்டது.

இனிமேல் சொல்வதுதான் விமர்சனம்.

ஓ.பி.யில் நாற்பது பேர் இருந்தார்கள். முன்னால் இருக்கும் நர்ஸ் டோக்கன் கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு குழந்தையையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறார், நகத்தை அழுத்தி விடுகிறார். என் மகன் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டதும் வெளுத்தது, வெளுத்தபடியே இருந்தது, அவர் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டுமாம். டோக்கனே போடவில்லை, அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போனார். குழந்தை கைக்கென்று சின்ன பட்டை உள்ள பி.பி. கருவி இங்கே இருக்கிறது. அதற்கு முன் பார்த்த இரண்டு இடத்திலும் யாரும் பி.பி. பார்க்கவே இல்லை. 78-க்கு 40 வந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு மேல் எண் 86-க்குக் கீழே போனால் ஆபத்து என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா வந்ததும் சட்டை, டவுசர் எல்லாம் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கண் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்திருக்கிறது. நாக்கு ரத்தச் சிவப்பாக, மேலே கடுகு தூவினாற்போல் பொடிப்பொடி மேடு. உள்ளங்கை வீங்கியிருக்கிறது. அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் விரித்துப் பார்த்தார், சிகரெட் சூடு வைத்த மாதிரி கருப்புப் புண் இருக்கிறதா என்று தேடினாராம். அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளம், நம் பக்கம் அதுவும் அதிகம். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, போன மாசம், அதுக்கு முந்தின மாசம் வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்துச்சா?"

சொன்னேன். நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே ஐ.சி.யூ.வுக்குச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு கேள்வி. நான்கு நாளாக ஒவ்வொரு வாசலாக அலைந்ததற்கு அதுதான் சாவியாக இருந்தது, இன்று எழுதும்போதும் கை நடுங்குகிறது.

அதற்காக அந்த ஒரு கேள்வியை வைத்து முடிவு கட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெங்கு, உண்ணிக் காய்ச்சல் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார்கள், கிருமி இருக்கிறதா என்று கல்ச்சருக்கு அனுப்பினார்கள், அது வரும்வரை ஆன்டிபயாடிக்கும் போனது. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து 98 ஆயிரம் என்று வந்ததும் நான் டெங்குவேதான் என்று நினைத்தேன், நிலவேம்புக் கஷாயம் கொண்டுவரட்டுமா என்றுகூடக் கேட்டேன். டாக்டரம்மா கோபப்படவில்லை, ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டெங்கு இல்லை என்று வந்திருந்தது. உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி. 186, சாதாரணமாக ஐந்து, ஆறைத் தாண்டாது. கொரோனா ஸ்வாப் நெகட்டிவ், ஆனால் ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது. அதாவது அவனுக்கும் மே மாதம் வந்து போயிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன் எடுக்கிற டாக்டரை வரவழைத்தார்கள். இதயம் ரத்தத்தை வெளியே தள்ளுகிற அளவு 55-க்கு மேல் இருக்க வேண்டியது 45 சதவீதம்தான் இருந்தது, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய் ஒன்று லேசாக விரிந்திருந்தது. குடல்வாலுக்குக் கத்தி வைத்திருந்தால் இந்த இதயம் மயக்க மருந்தைத் தாங்கியிருக்குமா என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

எம்.ஐ.எஸ்.சி. என்று பெயர் சொன்னார். கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் சில பிள்ளைகளுக்கு வருவது, 2020 ஏப்ரல் வாக்கில் இங்கிலாந்தில்தான் முதலில் கவனித்துச் சொன்னார்கள், வருகிறவர்கள் குறைவு, ஆனால் வந்தால் ஒரே நாளில் இதயம் வரை போய்விடும் என்றார். மாமனாருக்குப் புரியவில்லை. கிருமியே இல்லை என்கிறீர்கள், அப்புறம் எதற்குக் காய்ச்சல் என்று கேட்டார். அவர் வயலில் வேலை செய்கிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரம்மா சொன்னது இது: "ஐயா, வயல்ல மேய்ஞ்ச மாடு எப்பவோ போயிருச்சு. காவலுக்குப் போன ஆளு அது தெரியாம இருட்டுல கம்பை வீசிக்கிட்டு நம்ம பயிரையே மிதிக்கிறான். இப்ப மாட்டைத் தேடி பிரயோஜனமில்ல, அந்த ஆளை உக்கார வைக்கணும்." மாமனார் தலையை ஆட்டினார். ஒரு குடும்பத்துக்கே நோய் புரிந்தது அந்த நிமிஷத்தில்தான்.

காவல்காரனை, அதாவது நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை, உட்கார வைக்கிற மருந்துகள் இரண்டு. ஒன்று இம்யூனோகுளோபுலின், ரத்த தானம் கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது, விலை அதிகம். கிலோவுக்கு 2 கிராம் என்று கணக்கு, 22 கிலோவுக்கு 44 கிராம், 5 கிராம் பாட்டிலாக ஒன்பது பாட்டில். இதயம் பலவீனமாக இருந்ததால் மொத்தமாக ஏற்றாமல் இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றினார்கள். கூடவே ஸ்டீராய்டு ஊசி. பி.பி. ஏறுவதற்குத் தனியாக ஒரு மருந்து ஒன்றரை நாள் ஓடியது.

முதல் பாட்டில் மாட்டிய இரவை மறக்க மாட்டேன். இரவு டூட்டியில் இருந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயசுகூட இருக்காது. மருந்தை மிக மெதுவாக ஆரம்பித்துவிட்டு ஸ்டூலைப் போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பி.பி., நாடித்துடிப்பு, காய்ச்சல் மூன்றும் பார்த்து சார்ட்டில் எழுதினார். நடுவில் அவனுக்குக் குளிர் எடுத்தது, பல் கிட்டியது. உடனே நிறுத்திவிட்டு டாக்டருக்கு போன் போட்டு, அரை மணி நேரம் கழித்து வேகத்தைக் குறைத்து மறுபடி ஆரம்பித்தார். இப்படி வரும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் அலறவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் நின்றது. மூன்றாம் நாள் காலையில் தயிர்சாதம் கேட்டான். கல்ச்சரில் கிருமி எதுவும் இல்லை என்று வந்ததும் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள், பில்லுக்காக இழுத்தடிக்கவில்லை.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். எட்டு நாளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆனது, அதில் ஏறக்குறைய பாதி அந்த ஒன்பது பாட்டிலுக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது, அதை முதல் இரவே சொல்லிவிட்டார்கள். "பெரியாஸ்பத்திரியில இதே வைத்தியம் இருக்கு, நீங்க அங்க போகணும்னு நினைச்சா நானே பேசி அனுப்புறேன், ஆனா பி.பி. ஏறுற வரைக்கும் வண்டியில ஏத்த விட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. வென்டிலேட்டர் தேவைப்படுகிற நிலை வந்தால் தாங்களே அங்கே அனுப்பிவிடுவோம் என்றும் சொன்னார். பி.பி. ஏறிய பிறகு எங்களுக்குத்தான் இடம் மாற்ற மனசு வரவில்லை. நகையை வைத்துக் கட்டினோம். வசதி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், நேராக அந்தப் பெரியாஸ்பத்திரிக்கே, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள், போகும்போது கொரோனா கதையையும் காய்ச்சல் வந்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி நாலு பக்கமும் ஆங்கிலம். இது எனக்குக் குறைதான், இன்னும் மாற்றவில்லை. ஆனால் அந்தச் சின்ன சிஸ்டர் அதன் பின்பக்கம் நீல மையில் தமிழில் எழுதிக் கொடுத்தது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நடுவில் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஆஸ்பிரின் சாப்பிடும் நாளில் அம்மை, ஃப்ளூ காய்ச்சல் எது வந்தாலும் உடனே போன் பண்ணுங்கள், அந்தச் சமயத்தில் ஆஸ்பிரின் பிள்ளைகளின் மூளையையும் கல்லீரலையும் பாதிக்கலாம். ஆறு மாதம் ஓட்டம், சைக்கிள், கிரிக்கெட் கிடையாது. கடைசி வரியை அடிக்கோடு போட்டிருந்தார். ஸ்டீராய்டில் அவனுக்கு முகம் உப்பி, நேரம் காலம் இல்லாமல் பசித்தது. பேரன் சதை போட்டுவிட்டான் என்று அப்பத்தா சந்தோஷப்பட்டார். அது மருந்தின் வேலை, தானாக வடியும் என்று அவருக்குச் சொல்லிப் புரிய வைத்தேன்.

இரண்டாம் வாரம் எக்கோ, ஆறாம் வாரம் எக்கோ, ஆறாம் மாதம் ஒன்று. ஆறாம் வாரத்திலேயே இதயம் 60 சதவீதத்துக்கு வந்து குழாயும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. இருந்தாலும் ஆறு மாதக் கணக்கை டாக்டரம்மா விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பரில் பள்ளிக்கூடம் திறந்தபோது விளையாட்டு வேளையில் இவன் மட்டும் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இப்போது ஏழாம் வகுப்பு, கபடி ஆடுகிறான்.

போன மாதத்துக்கு வருகிறேன். நாத்தனார் மகளுக்குப் பதினான்கு மாதம். முதலில் சளி, அது அடங்கி ஒரு வாரத்தில் காய்ச்சல். ஐந்து நாளாக இறங்கவில்லை, பால் குடிக்கவில்லை, யார் தூக்கினாலும் ஓயாத அழுகை. கண் சிவப்பு என்று போனில் சொன்னதுமே அம்மை என்று விட்டுவிடாதீர்கள், கிளம்புங்கள் என்றேன். ஆறாம் நாள் இங்கே வந்தோம். டாக்டரம்மா அதே மாதிரி சட்டையைக் கழற்றிவிட்டு இடது தோளில் பிறந்தபோது போட்ட பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) தழும்பைத் தேடிப் பார்த்தார். ஒரு வருஷமாக ஆறிக் கிடந்த தழும்பு, சுற்றி வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது. தினம் குளிப்பாட்டுகிற தாய் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அந்தத் தழும்பு இப்படிச் சிவந்தால் கவாசாகி நோயை நினைக்க வேண்டுமாம்.

இது கொரோனாவுக்கு முன்பே உள்ள நோய். தொமிசாகு கவாசாகி என்ற ஜப்பான் குழந்தை மருத்துவர் 1961-ல் முதல் குழந்தையைப் பார்த்து, 1967-ல் ஐம்பது குழந்தைகளைப் பற்றி எழுதினார், அவர் பெயரே நோய்க்கு வந்தது. பெரும்பாலும் ஐந்து வயசுக்குள் வரும். இதுதான் காரணம் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை, ஏதோ ஒரு தொற்று கிளப்பிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். என் மகனுக்கு வந்ததும் இதுவும் சாயலில் ஒன்று போல இருக்கும், ஆனால் அவனுக்குத் தட்டணு குறைந்தது, இதில் இரண்டாம் வாரம் தட்டணு ஏறும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் நாலு குழந்தையில் ஒன்றுக்கு இதயக் குழாய் புடைக்கலாம், பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் ஏற்றிவிட்டால் அது நூற்றுக்கு நாலைந்தாகக் குறைகிறது. இந்தக் கணக்கைக் கேட்டபோதுதான் காய்ச்சலை ஏன் நாள் எண்ணிச் சொல்லச் சொல்கிறார் என்று எனக்கு உறைத்தது. பத்துக் கிலோ, நாலு பாட்டில், ஏழாம் நாளே ஏற்றியாயிற்று. எக்கோ சுத்தமாக இருக்கிறது. மூன்றாம் வாரம் விரல் நுனியில் தோல் உரிந்தது, வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். இன்னொன்று, இந்த மருந்து ஏற்றினால் தட்டம்மைத் தடுப்பூசியைப் பதினொரு மாதம் தள்ளிப்போட வேண்டும், முன்பே போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அங்கன்வாடியில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். எம்.ஐ.எஸ்.சி. இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது, கவாசாகி மட்டும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்றார்.

குறைகளும் இருக்கின்றன. சாதாரணச் சளி, காய்ச்சலுக்கு வந்தால் சாயங்காலம் இரண்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரிசப்ஷன் போனை எடுப்பதே இல்லை, எடுத்தாலும் பேச்சில் கனிவு இல்லை. மேல்மாடியில் கூட இருப்பவர்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, எட்டு நாள் நான் பட்ட கஷ்டத்தைப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடமில்லை, தெருவில் நிறுத்தினால் போலீஸ் தூக்கிப் போகிறது. இதையெல்லாம் டாக்டரம்மாவிடம் நேரிலேயே சொன்னேன், கழிப்பறை கட்ட ஏற்பாடு நடக்கிறது என்றார். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

போகிறவர்கள் காய்ச்சல் அளந்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், வாய்க்கணக்கு அவருக்குப் பிடிக்காது. இரண்டு மாதத்துக்குள் வீட்டில் யாருக்கு என்ன வந்தது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோடு கண் சிவப்போ தடிப்போ வயிற்றுவலியோ சேர்ந்திருந்தால் அன்றே போய்விடுங்கள். பிள்ளை துவண்டு, கை கால் ஜில்லிட்டு, சிறுநீர் குறைந்திருந்தால் வரிசையில் நிற்காமல் நேராக முன்னால் இருக்கும் நர்ஸிடம் காட்டுங்கள், வீட்டில் வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். மறுபரிசோதனை எக்கோவுக்கு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் மட்டும்தான் வருகிறார், நாலு மணிக்கே டோக்கன் போட்டுவிடுங்கள்.